அணை என்று தூக்கிய கை

அணு என்று எழுதவேண்டிய இடத்தில் அணை என்று எழுதி, எங்களைக் கை தூக்க வைத்து ஏமாற்றினார்கள்! வணக்கம் சொல்லும் முன்னே இதைச் சொல்லிவிடுவது என்று வீட்டிலேயே முடிவு செய்துகொண்டு வந்தேன். சொல்லிவிட்டேன். இனி வணக்கம்.

இந்த அவைக்குத் தலைமை தாங்கும், மடவளை தந்த மதிப்புக்குரிய வணிகர் ஹுஸைன் ஹாஜியார் அவர்களே! புசல்லாவையிலிருந்து பஸ் பிடித்துக் கண்டிக்கு வந்திருக்கும் பெரியவர்களே! ஹேவாஹெட்டத் தோட்டங்களில் கொழுந்துக் கூடையை இறக்கிவைத்துவிட்டு வந்து முன்வரிசையை நிறைத்திருக்கும் தாய்மாரே! கதிரை கிடைக்காமல் கதவோரம் நிற்கும் இளைஞர்களே! அனைவருக்கும் என் வணக்கமும் ஸலாமும்.

"ஐயா, மைக்கக் கிட்டப் புடிங்க!" என்கிறார் கதவருகே நிற்கும் பஹீம். தம்பி, கடைவீதியில் கத்திக் கத்தி வளர்ந்த தொண்டை இது. ஆனாலும் உங்களுக்காகப் பிடிக்கிறேன்.

நான் படித்தவன் அல்லன். கடையில் சாமான் சுற்ற வந்த பழைய பத்திரிகைகளை எழுத்துக்கூட்டித் தமிழ் கற்றவன். ஆகையால் எழுத்துப் பிழையைக் கண்டால் எனக்குக் கல்லில் கால் இடித்தது போலிருக்கும்.

நடந்தது என்ன? போன மாதம் தோட்டத்து மண்டபத்தில் ஒரு கூட்டம். சுவரிலே ஒரு பதாகை. சிங்களம் சரி. ஆங்கிலம் சரி. தமிழில் மட்டும் 'அணைமின் நிலையம்'! மகாவலிக் கரையில் மின்நிலையம் வரும், வெளிச்சம் வரும், வேலை வரும் என்றார்கள். விரும்புகிறவர்கள் கை தூக்குங்கள் என்றார்கள். முதலில் உயர்ந்தது இதோ முன்வரிசையில் இருக்கும் வடிவம்மாவின் கை. ஆற்றை மறித்து அணை கட்டுவதை இந்த மலைநாடு அறியாததா? மறுவாரம் அறிவிப்பு வந்தது: மக்கள் ஒருமனதாக அணுமின் நிலையத்தை வரவேற்றார்களாம்!

வடிவம்மாவும் நானும் கூட்டம் நடத்திய அதிகாரியிடம் போனோம்.

"சார், நாங்க அணைன்னு நெனச்சுல்ல கை தூக்குனோம்?"

"ஒரு எழுத்துத்தானேம்மா பிழைச்சது. எதுல வந்தாலும் கரண்ட் கரண்ட்தானே."

"அப்ப என் வீடு?"

"அது பாதுகாப்பு வளையத்துக்குள்ள வருது. வேற இடம் பார்ப்பாங்க."

"நாலு தலமொறையா தோட்டத்து லயத்துல, ஒத்த அறையில கெடந்தோம் சார். இப்பத்தான் ஏழு பேர்ச்சஸ் காணியில ஒரு வீடு, கதவுக்கு எங்க சாவி. எனக்கு வேற எடம் வேணாம். நான் தூக்குன கையத் திருப்பிக் குடுங்க!"

அவர் சிரித்துவிட்டார். கெட்ட மனிதர் அல்லர்; எங்களை உட்காரவைத்துத் தேநீர் கொடுத்தவர்தான். ஆனால் அந்த ஒரு சொல்லை என்னால் விழுங்க முடியவில்லை. ஒரு எழுத்துத்தானே!

ஓர் எழுத்தைக் காக்கத் தெரியாதவர்கள் ஓர் அணுவைக் காப்பார்களா? பதாகை பிழைத்தால் கிழித்துவிட்டு வேறு எழுதலாம். உலை பிழைத்தால் எதைக் கிழிப்பீர்கள்? கண்டியையா? மகாவலியையா? அந்த ஆற்றை நம்பித் திருகோணமலை வரை விளைகின்ற வயல்களையா?

உபமின்நிலையத்தில் ஒரு குரங்கு பாய்ந்ததால் நாடே இருண்டது என்று சொன்னார்களே, மறந்துவிட்டீர்களா? சிரிக்கிறீர்கள். சிரியுங்கள்! இருட்டுக்குச் சிரிக்கலாம், கதிர்வீச்சுக்குச் சிரிக்க முடியாது. மழை கொட்டினால் மலை இறங்கி வந்து வீதியில் உட்கார்ந்துகொள்கிற ஊர் இது. ஆபத்தென்றால் எந்த வீதியால் ஓடுவோம்? 'வெளியேறவும்' என்ற அறிவிப்பைத் தமிழில் யார் எழுதுவார்? 'வெளியேறாதீர்' என்று எழுதிவிட்டு, ஒரு எழுத்துத்தானே என்பாரா? பல தலைமுறை காவல் காக்கவேண்டிய நச்சுக் கழிவின்மேல் 'அபாயம்' என்ற பலகையை எந்தக் கை பிழையில்லாமல் எழுதும்?

"அப்ப கரண்டுக்கு என்ன செய்ற ஐயா?" நல்ல கேள்வி, பஹீம். மின்சாரம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கூரைக்குமேல் வெயில் இருக்கிறது. தோட்டந்தோறும் ஓடை இருக்கிறது. கரையோரம் காற்று இருக்கிறது. அவை பிழைத்தால் விளக்கு அணையும், ஊர் அணையாது!

முடிக்கிறேன். பதாகை தொங்கவிட்டவர்கள், அதே மண்டபத்தில், மூன்று மொழியிலும் தங்கள் பிழையைச் சொல்லவேண்டும். அமைச்சு அந்தச் சம்மதத்தைச் செல்லாதென்று அறிவிக்கவேண்டும். நம் வாக்கை வாங்கிப்போன உறுப்பினர்கள், இந்தத் தீவில் அணுமின் நிலையம் எங்கும் வேண்டாம் என்று பாராளுமன்றத்தில் எழுந்து பேசவேண்டும். இங்கே விரட்டியதைக் கரையோரத்து மக்கள் தலையில் கட்ட விடக்கூடாது. தலைவர் ஹாஜியார் புசல்லாவை, ஹேவாஹெட்ட இருபக்கத்துப் பெரியவர்களையும் கூட்டிக்கொண்டு அந்த உறுப்பினர்களின் வாசலுக்குப் போகவேண்டும். பஹீமும் நண்பர்களும் அந்தத் திட்டத்தை நல்ல தமிழில் எழுதி, தோட்டந்தோறும் உரக்கப் படிக்கவேண்டும். நானும் வருவேன், பிழை பார்க்க!

தாய்மாரே, திட்டத்தின் பெயரைப் படித்துக்காட்டாமல் எவர் கேட்டாலும் இனிக் கை தூக்காதீர்கள். வடிவம்மா, உங்கள் கையை அவர்கள் திருப்பித் தரமாட்டார்கள். நீங்களே எடுத்துக்கொள்ளவேண்டும். அணு வேண்டாம் என்று அதே கையை இப்போது தூக்குங்கள், அம்மா!

தூக்கிவிட்டார். இதோ, வரிசை வரிசையாக நீங்களும். இறக்காதீர்கள்! இவ்வளவு நேரம் பொறுத்துக் கேட்டதற்கு நன்றி. என் வணக்கத்துக்கு இன்று ஒற்றைக் கையால் பதில் சொன்னால் போதும்.