தர்பூசணிச் சாட்சி

திருவான்மியூரிலிருந்து வரும் பஸ்ஸில், என் முன் சீட்டில் இருந்தவர் மனைவியிடம் சொன்னார்: "நம்ம சாட்சிய ஊரே தின்னுட்ச்சுமே."

கையில் மாவுக்கட்டு போட்டிருந்த ஆட்டோக்காரர் அவர். இருவரும் வக்கீலைப் பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தார்கள். சாந்தோமில், அவர்கள் தெருமுனையில், தர்பூசணி லாரி ஒன்று கவிழ்ந்து அவருடைய ஆட்டோவை நசுக்கியிருந்தது.

"மலை மாதிரி ஏத்திகினு வந்தான். லோடு ஜாஸ்தின்னு காட்டுனாத்தான் நஷ்டஈடு ஒழுங்கா கெடைக்குமாம். போலீசு வந்து எட போட சொல்ல, பாதி லாரி காலி!"

"ரோட்ல உருண்டுகினு இருந்தா சும்மா வுடுவாங்களா?"

"அப்ப எடுத்தவன் எவனாவது கோர்ட்டுக்கு வந்து, 'ஆமா, நான் பழம் எடுத்தேன்'னு சொல்லணுமாம். எவன் வருவான்? ஆட்டோவும் போச்சு, கையும் போச்சு..."

மனைவி அவர் பக்கம் திரும்பினாள்.

"நான் வர்றேன்யா. நாலு எடுத்தேன்."

"நான் ஆட்டோக்கு அடில கெடக்கறப்பவா?"

"சேச்சே, உன்ன ஆம்புலன்ஸ்ல ஏத்துனப்புறம்தான். ஆஸ்பத்திரில டெய்லி ஜூஸ் குடிச்சியே, அது இன்னான்னு நெனச்ச?"