இரண்டு முடிச்சும் ஒரு மாப்பிள்ளைக் கோட்டும்

ஒல்லி ஒரு வாளித் தண்ணீரைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்து, புகைகிற கோட்டின் மேல் ஊற்றாமல் என் அண்ணன் தலையில் ஊற்றினான்.

“டேய், கரண்டு. மொதல்ல பிளக்கைப் பிடுங்குடா,” என்று அண்ணன் நனைந்த கோழி மாதிரி கத்தினான். ஒல்லி பிடுங்கினான். அது விளக்கின் பிளக். இருட்டில் யாரோ யார் காலையோ மிதித்தார்கள். கடைசியில் இஸ்திரிப் பெட்டியின் பிளக்கைப் பிடுங்கியது நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், என் பக்கத்திலும் ஏதாவது நல்லது இருக்கட்டும் என்று.

பகடை உருட்டிக் கதை ஆடுகிறவர்களின் இந்தக் குழுவுக்கு நான் புதிது. பாலடின், அதாவது சத்தியம் செய்த வீரன், அந்தச் சத்தியத்தை மீறினானா இல்லையா என்று இங்கே பெரியவர்களெல்லாம் தினமும் அடித்துக்கொள்வதைப் படித்திருக்கிறேன். எனக்கும் ஒரு தீர்ப்பு வேண்டும். காலைக்குள் வேண்டும். வீட்டில் எல்லாரும் படுத்துவிட்டார்கள், அப்பாவைத் தவிர. அவர் தையல்காரர். கீழே மெஷின் ஓடிக்கொண்டே இருக்கிறது.

நாங்கள் அப்பாவின் வெட்டு மேசையில்தான் விளையாடுவோம். சாக்குக்கட்டியால் அதன் மேல் ஆறு, பாலம், கோட்டை எல்லாம் வரைந்துகொள்வோம். பட்டன்கள்தான் ஆட்கள். தூரத்தை டேப்பால் அளப்போம். கதை சொல்வது அண்ணன். நடக்குமா நடக்காதா என்று சொல்வது பகடை. பக்கத்து வீட்டு ஒல்லி திருடன். அவனுடைய பட்டனில் ஒரு ஓட்டை உடைந்திருக்கும்; அதை விழுப்புண் என்பான். நான் பாலடின், பித்தளைப் பட்டன். என் தங்கை சிட்டுவின் சூனியக்காரி போன வருஷம் கிணற்றில் விழுந்து செத்துப்போனதால், பாவம் என்று அண்ணன் அவளுக்குக் கொள்ளைக்காரத் தலைவனைக் கொடுத்திருந்தான்.

என் பாலடினுக்கு மூன்று சத்தியம். பொய் சொல்லக் கூடாது. சரணடைந்தவனை வெட்டக் கூடாது. உதவி கேட்டவனைக் கைவிடக் கூடாது. ஒன்றை மீறினாலும் வாளின் ஒளி போய்விடும். பிறகு அவள் வெறும் வாள் வைத்திருக்கிற ஒரு பொம்பளை.

சிட்டுவுக்கு இது தெரியும். நான் வாளை ஓங்கும்போதெல்லாம், ஏலம் போடுகிற மாதிரி நீட்டி, “சரணம்” என்பாள். நான் விட்டுவிட வேண்டும். அடுத்த வாரம் அவன் ஒரு கிராமத்தைக் கொளுத்துவான். பிடித்தால் மறுபடியும் “சரணம்”.

“சத்தியக்காரி, இவன் உனக்கு வருஷா வருஷம் பேரன் பேத்தியோட வந்து சரணடைவான் பாரு,” என்று ஒல்லி சிரித்தான்.

இன்றைக்கு அந்தக் கொள்ளைக்காரனைப் பாலத்தில் மடக்கினேன். காலையில் ஒரு மாப்பிள்ளை வந்து வாங்கிப்போக வேண்டிய கல்யாணக் கோட்டின் முதுகைச் சிட்டு அப்போதுதான் தேய்த்து முடித்திருந்தாள். அதே மேசையின் மறு கோடியில்தான் இஸ்திரியும் நடக்கும். “வாடி, உன் ஆள் சாகப்போறான்,” என்று கூப்பிட்டேன். பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு, பிளக்கைப் பிடுங்காமல் ஓடி வந்தாள். பிடுங்குவது அவள் வேலை. அப்பா அவளை மட்டும்தான் அந்தப் பெட்டியையும் பெரிய கத்தரியையும் தொட விடுவார். அவளுக்குக் கை நேர்த்தி. எனக்கு இல்லை, அதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை.

நான் அண்ணனைக் கேட்டேன்: “அவன் பேசறதுக்கு முன்னால வாயைக் கட்டலாமா?”

அண்ணன் யோசித்தான். “கட்டறது வெட்டறது இல்லயே. பகடை உருட்டு.”

பெரிய எண் விழுந்தது. சந்தோஷத்தில் மேசையை ஓங்கித் தட்டினேன். நல்ல எண் விழுந்தால் தட்டுவது எனக்குப் பழக்கம்.

எங்கள் மேசைக்கு ஒரு சட்டம் உண்டு. பாத்திரத்துக்கு என்ன நடக்கிறதோ அது ஆடுகிறவருக்கும். கண் போனவன் கண்ணைக் கட்டிக்கொண்டு ஆட வேண்டும். கட்டினவர்தான் அவிழ்க்க வேண்டும். இந்தச் சட்டங்களை எங்களில் உண்மையாக மதிப்பவள் சிட்டு ஒருத்திதான். அவளே முகத்தை நீட்டினாள். லைனிங் துணியில் ஒரு கீற்றை எடுத்துப் பின்னால் முடிச்சுப் போட்டேன்.

கொஞ்ச நேரத்தில் அவள் கையை ஆட்ட ஆரம்பித்தாள். மேசையின் கோடியைக் காட்டினாள். அண்ணனும் ஒல்லியும் அதற்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தார்கள். ஒல்லிக்குச் சளி. அண்ணனுக்குக் கதை சொல்லும்போது மூக்கு, காது எதுவும் வேலை செய்யாது.

“என்ன நடிப்புடா சாமி,” என்று ஒல்லி கை தட்டினான்.

“சைகையும் பேச்சுதானே அண்ணா? கையாலயே சரணம் சொல்லிட்டா?” என்று கேட்டேன்.

“நியாயம்தான்,” என்றான் அண்ணன்.

அளவு டேப்பால் அவள் கையைக் கட்டினேன். அது இரண்டாவது முடிச்சு. அவள் என்னையே பார்த்தாள். நான் பகடையைக் குலுக்கினேன். கொள்ளைக்காரன் ஒரே வெட்டில் செத்தான். வாளின் ஒளி போகவில்லை, அண்ணனே சொன்னான். அதற்குப் பிறகுதான் ஒல்லி தும்மிவிட்டுத் திரும்பிப் பார்த்தான். வாளி, தண்ணீர், இருட்டு எல்லாம் அப்புறம்.

விளக்கு வந்தபோது எல்லாரும் புகையில் இருமிக்கொண்டிருந்தோம். சிட்டு வாய்க்கட்டோடு அதே இடத்தில் நின்று இருமினாள். கட்டினவர் இன்னும் அவிழ்க்கவில்லையே.

கோட்டின் முதுகில் பெட்டி வடிவத்தில், சுத்தமாக, ஒரு ஓட்டை. “மாப்பிள்ளை செவுத்தோரமா நின்னுட்டா யாருக்கும் தெரியாது,” என்றான் ஒல்லி. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நல்ல ஆட்டம் அது, பொய் சொல்ல மாட்டேன்.

நான் இரண்டு முடிச்சையும் அவிழ்த்த பிறகு, சத்தம் கேட்டு அப்பா வந்தார். “யாரு பெட்டியை அணைக்காம விட்டது?”

“நான்தாம்ப்பா,” என்றாள் சிட்டு.

“பக்கத்துலயே இருந்தியே, கத்தினா என்ன? வாயில என்ன கொழுக்கட்டையா?”

“வாய் கட்டியிருந்துச்சுப்பா.”

கிண்டல் பண்ணுகிறாள் என்று நினைத்து அப்பாவுக்குக் கோபம் ஏறிவிட்டது. இனி அந்த அறைக்குள் கால் வைக்கக் கூடாது, கத்தரியைத் தொடக் கூடாது, காலையில் மாப்பிள்ளை வரும்போது அவளே எதிரில் நின்று சொல்ல வேண்டும் என்றார். நான் ஒன்றும் சொல்லவில்லை. அதனால் பொய்யும் சொல்லவில்லை.

என் கேள்வி சுலபமானது. முதல் சத்தியம் பத்திரம். இரண்டாவதும் பத்திரம்; அவன் சரணம் சொல்லவே இல்லை. மூன்றாவதில்தான் சந்தேகம். வாய் கட்டின ஒருத்தன் கையைக் காட்டினால், அது உதவி கேட்டதாக ஆகுமா? கேட்டால்தானே கைவிட முடியும்?

தீர்ப்புச் சொல்கிறவர்களுக்கு எல்லா விவரமும் தெரிய வேண்டும் என்பதால் இதையும் எழுதுகிறேன். நான் மேசையைத் தட்டியபோது பெட்டி ஆடியது. சாய்ந்து கோட்டின் மேல் படுத்தது. சிட்டு அப்போது எனக்கு முகத்தை நீட்டிக்கொண்டிருந்தாள், அவள் பார்க்கவில்லை. நான் பார்த்தேன். அதற்குப் பிறகுதான் முதல் முடிச்சைப் போட்டேன். ஒரு வெட்டுதானே, எவ்வளவு நேரம் ஆகிவிடும் என்று நினைத்தேன். அது அவள் தேய்த்த கோட்டு என்பதும் எனக்கு ஞாபகம் இருந்தது.

சிட்டு பக்கத்தில் படுத்திருக்கிறாள். மணிக்கட்டில் டேப்பின் தடம் இன்னும் இருக்கிறது. தூங்கிவிட்டாள் என்றுதான் நினைத்தேன். இதை எழுத ஆரம்பிப்பதற்குக் கொஞ்சம் முன்னால், இந்தப் பக்கம் திரும்பாமலே கேட்டாள்: “அக்கா, நான் கை காட்டினப்போ ஆட்டத்துக்குள்ள காட்டறேன்னு நெனச்சியா, வெளியில காட்டறேன்னு நெனச்சியா?”

நான் கண்ணை மூடிக்கொண்டு, தூங்குகிறவள் மாதிரி மெதுவாக மூச்சு விட்டேன். வாயைத் திறக்கவில்லை. அது பொய்யில் சேருமா?