எப்சி ஆன்ட்டியின் குரல் வந்த ஹால்

அனுப்பிரியா: மவுஸ விடுங்க அங்கிள். நீங்களும் புடிச்சு நானும் புடிச்சா அது எந்தப் பக்கம்தான் போகும்?

தேவானந்தம்: விட்டுட்டேம்மா. ஆனா ஒண்ணு சொல்லிடறேன். நான் இதுமேல கையே வைக்கல. நேத்து சாயங்காலம் அதுவா அப்டேட் பண்ணிக்கிச்சு. சுத்துது... சுத்துது... நான் டீ போட்டுக் குடிச்சு, ஷேவ் பண்ணி, ஒரு தூக்கம் போட்டு எழுந்தா இன்னும் சுத்துது. அந்த நேரத்துக்கு ஒருத்தன் பல்லாவரத்துல ஃப்ளாட்டே கட்டி முடிச்சிருப்பான்.

அனுப்பிரியா: முடிஞ்சதும்?

தேவானந்தம்: ஸ்பீக்கர் ரெண்டும் ஊமையாயிடுச்சு. எப்பேர்ப்பட்ட ஸ்பீக்கர்! நான் இங்க பாட்டு போட்டா குன்றத்தூர் மலைமேல நிக்கிறவங்க தாளம் போடுவாங்க.

அனுப்பிரியா: அவ்ளோ தூரம் இல்ல அங்கிள். பக்கத்து வீடு வரைக்கும் கேக்கும்.

தேவானந்தம்: உனக்குத் தொந்தரவா இருந்துச்சா?

அனுப்பிரியா: சேச்சே... ப்ளூடூத் லிஸ்ட்ல பழைய பேர் எல்லாம் போயிருச்சே. அப்புறம் நீங்க ஏதாச்சும் அமுக்குனீங்களா?

தேவானந்தம்: இல்ல.

அனுப்பிரியா: அங்கிள்...

தேவானந்தம்: லேசா. ஸ்பீக்கர் பேரு ஒண்ணு வந்துச்சு. நம்மளுதுதானேன்னு ஒரே ஒரு தட்டு தட்டினேன். அதுக்குப் போய் கோவிச்சிக்குமா?

அனுப்பிரியா: ஆன்ட்டி தூங்குறாங்களா?

தேவானந்தம்: ஆமா... இப்பதான் கஞ்சி குடிச்சிட்டுப் படுத்தா. மெதுவா பேசு.

அனுப்பிரியா: அவங்க தூங்குறப்ப எதுக்கு ஸ்பீக்கருக்கு இவ்ளோ அவசரம்?

தேவானந்தம்: பாட்டு கேட்டாத்தாம்மா தூங்குவா.

அனுப்பிரியா: இப்பதான் தூங்குறாங்கன்னீங்க.

தேவானந்தம்: உன்ன ஹெல்ப்புக்குக் கூப்ட்டேனா, குறுக்கு விசாரணைக்குக் கூப்ட்டேனா? இருட்டுறதுக்குள்ள பாட வச்சிடு தாயே. பின்தெரு ரத்தினபாய் டீச்சர் கதை தெரியும்ல?

அனுப்பிரியா: தெரியும்.

தேவானந்தம்: தனியா இருக்காங்கன்னு மோப்பம் புடிச்சிருக்கானுங்க. கழுத்துச் செயினுக்காக... தலகாணிய வச்சு... நாத்தம் வந்தப்புறம்தான் தெருவுக்கே தெரிஞ்சுது.

அனுப்பிரியா: உங்களுக்கென்ன அங்கிள் பயம்? ஆன்ட்டி இருக்காங்க. சீசர் இருக்கு. ஆமா, எங்க சீசர்? ஆள் வந்தா அந்தக் குலை குலைக்கும்.

தேவானந்தம்: அவன் குளிக்கப் போயிருக்கான்.

அனுப்பிரியா: நாயா?

தேவானந்தம்: அதாவது... கூட்டிட்டுப் போயிருக்காங்க. என் தம்பி பையன், போலீஸ்ல இருக்கான்னு சொன்னேன்ல, அவன்.

அனுப்பிரியா: ம்... சரி, இங்க பாருங்க. கனெக்டட்னு காட்டுது. நீங்க வச்சிருக்கிறதையே ஓட விடறேன்.

தேவானந்தம்: அய்யோ, அத ஓட விடாத. வேற ஏதாவது...

அனுப்பிரியா: விட்டாச்சு. ஓடுது.

தேவானந்தம்: எங்க ஓடுது? ஒரு சத்தமும் காணோம். பாத்தியா, மொத்தமா செத்துப்போச்சு.

அனுப்பிரியா: எங்க வீட்டுப் பக்கத்து ஜன்னலத் தொறங்க.

தேவானந்தம்: எதுக்கு?

அனுப்பிரியா: தொறங்களேன்.

தேவானந்தம்: இதோ... என்னம்மா அது, நாய் குலைக்குது? நீ எப்ப நாய் வாங்கின?

அனுப்பிரியா: நல்லாக் கேளுங்க அங்கிள். உங்க சீசர். எங்க ஹால்ல இருந்து குலைக்குது.

தேவானந்தம்: உங்க ஹால்லயா? அது எப்படி?

அனுப்பிரியா: அசோசியேஷன்ல எல்லாருக்கும் சேத்து ஒரே மாடல் வாங்கினோம்ல? அதே பேருதான் எல்லாத்துக்கும். நீங்க தட்டினது என்னோடது.

தேவானந்தம்: அப்ப நேத்து ராத்திரி பூரா...

அனுப்பிரியா: எல்லாம் எங்க வீட்லதான் ஓடுச்சு. இப்ப வர்றது யாரு? 'எத்தன தடவ சொல்றது, கதவச் சாத்துங்க!' ஆன்ட்டிதானே?

தேவானந்தம்: நிறுத்தும்மா.

அனுப்பிரியா: உள்ள கஞ்சி குடிச்சிட்டுத் தூங்குறவங்க, எங்க வீட்ல வந்து எப்படி...

தேவானந்தம்: அனு, நிறுத்திடு. கெஞ்சிக் கேக்குறேன்.

அனுப்பிரியா: நிறுத்திட்டேன். உக்காருங்க. தண்ணி வேணுமா?

தேவானந்தம்: வேணாம்... அது என் பையன் ஜேசன் கல்யாண வீடியோல இருந்து வெட்டினது. பந்திக்கு வெளியாளுங்க நுழையுறாங்கன்னு சமையக்காரர திட்டினா. அதுலதான் அவ குரல் நல்லாத் தெளிவா இருந்துச்சு. மனுஷி கோவத்துலதான் தெளிவாப் பேசுவா.

அனுப்பிரியா: எப்ப அங்கிள்...?

தேவானந்தம்: இங்க குடி வர்றதுக்கு முன்னாடியே. நாகர்கோவில்ல அடக்கம். வந்த அன்னிக்கு லிஃப்ட்ல மேல் வீட்டு சாம்பசிவன் கேட்டாரு, 'வீட்ல எல்லாரும்...?'னு. உடம்பு முடியாம உள்ள படுத்திருக்கான்னு வாயில வந்துருச்சு. அப்புறம் எப்படி இல்லன்னு சொல்றது? ஒருதரம் புதைச்சதே போதும்னு விட்டுட்டேன்.

அனுப்பிரியா: ஜேசனுக்குத் தெரியுமா, நீங்க இப்படிப் பண்றது?

தேவானந்தம்: கனடாவுல இருக்கிறவனுக்கு அப்பன் உசுரோட இருக்கிறது தெரிஞ்சாப் போதாதா? டீச்சர் போனப்புறம்தான் சீசர் பொறந்தான். போலீஸ்காரன் பொறந்தான். அது என் குரல்தான். தொண்டைய இறுக்கி, சொம்புக்குள்ள வாய வச்சுப் பேசினேன். எப்படி இருக்கு? ஒரு இன்ஸ்பெக்டர் ரேஞ்சுக்கு இருக்குல்ல?

அனுப்பிரியா: நிஜமாவே பயமா இருக்கு.

தேவானந்தம்: அதான் வேணும்! பொழுது சாஞ்சா தானா ஆரம்பிச்சு விடியிற வரைக்கும் விட்டு விட்டு ஓடும். திருடன் வெளிய நின்னான்னா, உள்ள ஒரு கூட்டுக் குடும்பமே சண்ட போடுதுன்னு ஓடிருவான்.

அனுப்பிரியா: சிரிக்காதீங்க அங்கிள். உங்களுக்கே ஏதாச்சும் ஆச்சுன்னா?

தேவானந்தம்: அதையும் யோசிச்சுட்டேன். நான் இந்த நாற்காலில செத்துக் கிடப்பேன். எப்சி பாட்டுக்கு 'சாப்பிட வாங்க, ஆறிப்போவுது'ன்னு தெனம் கூப்ட்டுக்கிட்டே இருப்பா. அவ்ளோ நல்லா நடக்குற குடும்பத்துக் கதவ யாரும்மா வந்து தட்டப் போறாங்க? எனக்கும் நாத்தம்தான் ஆள் அனுப்பணும்.

அனுப்பிரியா: அப்படியெல்லாம் பேசாதீங்க அங்கிள்.

தேவானந்தம்: ஏம்மா கண்ணு கலங்குற? ஜோக்குதானே சொன்னேன்.

அனுப்பிரியா: இனிமே தெனம் காலைல ஜன்னல்ல வந்து குரல் குடுப்பேன். நீங்க பதில் சொல்லணும். உங்க சொந்தக் குரல்ல.

தேவானந்தம்: சொல்றேம்மா. ஆனா ஸ்பீக்கர மட்டும்...

அனுப்பிரியா: என்னோடத எடுத்துட்டு உங்களோடத சேத்தாச்சு. பேரையும் மாத்திட்டேன். இனிமே சீசர் உங்க வீட்லதான் குலைக்கும்.

தேவானந்தம்: நீ மகராசியா இருக்கணும். இத யாருகிட்டயும் சொல்லிடாத. உன் வீட்டுக்காரர் தினகரன்கிட்ட கூட. அவருக்குத் தெரிஞ்சா எனக்குக் கேவலம். பக்கத்துல ஒரு வயசுப் புள்ள இருக்காருங்கிற தைரியத்துலதான் நான் கண்ண மூடுறதே. பாக்குறதுதான் முடியல... மறைமலை நகர்ல எப்பவும் நைட் ஷிப்ட்டுன்னு சொல்லுவ.

அனுப்பிரியா: ஆமா... நைட் ஷிப்ட்டுதான்.

தேவானந்தம்: நேத்து ஞாயித்துக்கிழமை, லீவுதானே? தூக்கம் கெட்டுப்போச்சுன்னு என்னத் திட்டினாரா?

அனுப்பிரியா: இல்ல அங்கிள்.

தேவானந்தம்: நீயாவது சுவத்துல தட்டியிருக்கலாம்ல? ஸ்பீக்கர்னு தெரிஞ்ச உடனே.

அனுப்பிரியா: தெரியல. முதல்ல வந்தது போலீஸ்காரர் குரல். 'ஏய்... யாரு உள்ள? கதவத் தொற!'ன்னு. நான் பாத்ரூமுக்குள்ள ஓடித் தாப்பாப் போட்டுக்கிட்டேன். கைல காய் வெட்டுற கத்தி இருந்துச்சு, அதோடயே. ரொம்ப நேரம்... அப்புறம் ஆன்ட்டி சத்தம் போட்டாங்க, 'சாப்பிட வாங்க'ன்னு. அந்தக் குரல் சுவரு வழியா தெனம் கேட்டுப் பழகின குரல். அப்பதான் புரிஞ்சுது. அப்பதான் வெளிய வந்தேன்.

தேவானந்தம்: அடப்பாவமே... என் புத்திய செருப்பால அடிக்கணும். ஆனா எதுக்கும்மா கத்தியோட ஒளியணும்? தினகரன் தம்பிய ஒரு சத்தம் கூப்ட்டிருந்தா வந்திருக்க மாட்டாரா?

அனுப்பிரியா: தினகரன்தான் என்னத் தேடிக் கண்டுபுடிச்சு வந்துட்டாருன்னு நெனச்சுத்தான் அங்கிள் ஒளிஞ்சேன்.