சுவத்துக்குள்ள மோட்டார்

— சுவத்துல அடிச்சிருக்கிற இந்தப் பலகையில காதை ஒட்டி வைங்க மேடம். பயப்படாதீங்க, அதுங்க உள்ளதான் இருக்கு. கேக்குதா?

— ம்… கேக்குது.

— எப்படி இருக்கு?

— மோட்டார் ஓடுற மாதிரி.

— குளவி. சின்னக் கூடு இல்ல பாருங்க, பெரிய குடும்பம். இந்தக் கட்டில்ல யாரு படுக்கிறது?

— எங்கப்பா. இப்ப அவர் இங்க இல்ல.

— தப்பிச்சார் போங்க. தலைமாட்டுலயே இருக்கு. கதவைச் சாத்திட்டு நீங்க ஹாலுக்குப் போயிடுங்க. நான் வெளிப்பக்கமா மருந்துப்பொடி அடிச்சுட்டுக் கூப்பிடுறேன்.

— ஆயிடுச்சா? வரலாமா?

— வாங்க. ஒரு மணி நேரமாச்சு, இப்ப சத்தமே இல்ல பாருங்க. பலகையைக் கழட்டிட்டேன்.

— ஐயோ! குடம் மாதிரி இருக்கே!

— இந்த அளவுக்கு வளர நாலஞ்சு மாசம் ஆகும். வெளிச்சுவத்துல ஒரு ஓட்டை இருக்கே, அது என்ன?

— ஏசி பைப் போன ஓட்டை. அப்பாவுக்குக் குளிர் ஒத்துக்காதுன்னு ஏசியைக் கழட்டி எங்க ரூம்ல மாட்டிக்கிட்டோம்.

— அங்கதான் கோட்டை விட்டீங்க. ஒரு கை சிமெண்ட் வச்சு அடைச்சிருந்தா போதும். முதல்ல ஒரே ஒரு தாய்க்குளவிதான் வரும், எலுமிச்சம்பழம் அளவுல கூடு கட்டும். அப்பவே பாத்திருந்தா தட்டி விட்டுட்டுப் போயிருக்கலாம். ஆமா, இத்தனை மாசம் யாருக்குமே சத்தம் கேக்கலையா?

— அப்பாவுக்குக் கேட்டுச்சு.

— சொல்லலையா?

— தினம் சொன்னார். “சுவத்துக்குள்ள மோட்டார் ஓடுது, யாராவது நிறுத்துங்கடா”ன்னு. நாப்பது வருஷம் மோட்டார் மெக்கானிக். வயசாயிடுச்சு, பழைய நினைப்புல உளர்றார்னு விட்டுட்டோம்.

— நீங்க பக்கத்துல போய்க் கேட்டுப் பாக்கலையா?

— வாசப்படியிலயே நின்னு கேட்டேன். ஒண்ணும் கேக்கல. ஒருநாள் அவர் கழுத்து வீங்கிக் கிடந்துச்சு. தானே பிறாண்டிக்கிறார்னு ரெண்டு கையையும் துணியால கட்டிப் போட்டோம்.

— யாரு மேடம்?

— நான்தான் கட்டினேன்.

— அது பிறாண்டினது இல்ல மேடம். பலகை இடுக்கு வழியா வந்து குளவி கொட்டியிருக்கு.

— டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்தார். அப்புறம் பாத்துக்க முடியலன்னு முதியோர் இல்லத்துல விட்டாச்சு. ரெண்டு மாசமாகுது.

— நான் கூடு எடுக்கிறவன், உங்க குடும்ப விஷயம் எனக்கு வேணாம். ஆனா பாருங்க, இப்பவே ஒரு போன் போடுங்க. நான் இதை மூட்டை கட்டிட்டு வெளியில நிக்கிறேன்.

— அப்பா? நான்தான்ப்பா.

— சொல்லு கண்ணு. சாப்டியா? குரல் ஏன் ஒரு மாதிரியா இருக்கு?

— அப்பா, சுவத்துக்குள்ள மோட்டார் ஓடுதுன்னு சொன்னீங்கல்ல…

— அதை ஏன் இப்ப கிளறுற? எல்லாம் என் மூளை பண்ண கூத்து. மாத்திரை போட்டதும் நின்னுபோச்சு. உங்களைத்தான் ரொம்பப் படுத்திட்டேன்.

— இல்லப்பா, நீங்க சொன்னது நிஜம். சத்தம் இருந்துச்சு. பலகையில காதை வச்சு நானே கேட்டேன்.

— நீயா கேட்டே?

— ஆமாப்பா. நல்லாவே கேட்டுச்சு.

— ஐயோ கண்ணு… உனக்குமா? வெளியில மூச்சு விடாதே. உன் பிள்ளைங்க காதுல விழுந்துச்சுன்னா, உன்னையும் இங்க கொண்டாந்து விட்டுடுவாங்க.