பேசாமல் ஏற வேண்டிய மலை

மலை ஏறப் போகிறவர்கள் முதலில் குடிதண்ணீரைப் பற்றித்தான் யோசிக்க வேண்டும், ஐயா. பலகாரம், குடை என்று ஊர்ப்பட்டதைப் பேசிவிட்டு, படகில் ஏறிய பிறகு தண்ணீருக்குத் திருதிருவென்று முழிப்பார்கள். நான் அப்படி இல்லை. சிராங்கூன் ரோட்டில் மாட்டுத் தீவனக் கடை வைத்திருக்கும் வைத்திலிங்கம் என்றால், நிதானமான மனுஷன் என்று யாரும் சொல்வார்கள். நீங்களே விசாரித்திருப்பீர்கள்.

பரமசிவம் என் தங்கை சிவகாமசுந்தரியின் புருஷன். என் கடைக்குப் பின்கட்டில் கறவை மாடு வைத்துப் பால் ஊற்றினான். கெட்டவன் என்று சொல்ல மாட்டேன். குடி கிடையாது, சூது கிடையாது, என்னைக் கண்டால் தோளிலிருந்து துண்டை எடுத்துவிடுவான். ஆனால் அவன் வந்ததிலிருந்து என் வீட்டில் முதல் சோறு எனக்கு இல்லை. தாய் தகப்பன் போன பிறகு சிவகாமியை வளர்த்து, இந்தச் சிங்கப்பூருக்குக் கூட்டி வந்தவன் நான். முன்பெல்லாம் நான் கை கழுவிய பிறகுதான் அவள் தட்டில் கை வைப்பாள். கல்யாணத்துக்குப் பிறகு, நான் இலை முன்னால் உட்கார்ந்திருக்க, "இருங்கண்ணே, அவுகளும் வந்துரட்டும்" என்றாள். அதையும் பொறுத்துக்கொண்டேன்.

ஒருநாள் மாட்டுக்குப் பருத்திக்கொட்டை வாங்க வந்த பரமசிவம், பினாங்கில் சிநேகிதன் கூப்பிடுகிறான், குடும்பத்தோடு போய்விடலாம் என்றிருக்கிறோம் என்றான். சிவகாமிக்கும் சம்மதமாம். உள்ளே எட்டிப் பார்த்தேன். அவள் சிரித்துக்கொண்டு அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். எனக்கு வயிறு எரிந்தது. அதை மறைப்பானேன்.

அந்தச் சமயத்தில்தான் அவர்களுடைய குழந்தை தங்கத்துக்கு விஷக் காய்ச்சல் கண்டது. டாக்டர் கையை விரித்துவிட்டார். பரமசிவம் மாட்டைக்கூடக் கவனிக்காமல் கோயில் கோயிலாக அலைந்தான். அவனைக் கூப்பிட்டு உட்கார வைத்து நான்தான் அந்தத் தீவைப் பற்றிச் சொன்னேன். தெற்கே, வெகு தூரத்தில் இருக்கிறது. ஆள் குடி இல்லை, ஊற்று இல்லை. மலை உச்சியில் ஒரு பெரியவரின் சமாதி. மலாய்க்காரர்கள் கெராமாட் என்று கும்பிடுவார்கள். நம்மவர்களும் மஞ்சள் துணி கட்டி வேண்டிக்கொள்வதுண்டு. தென்மேற்குக் காற்றுக் காலத்தில் மீன்பிடிப் படகுகூட அந்தப் பக்கம் எட்டிப் பார்க்காது. அது தென்மேற்குக் காற்றுக் காலம்.

நேர்த்திக்கடனின் முறைகளைப் பக்குவமாக எடுத்துச் சொன்னேன். பல்லில் பச்சைத் தண்ணீர் படாமல் ஏற வேண்டும். தீவில் இறங்கியதிலிருந்து, துணியைக் கட்டிவிட்டுத் திரும்பி வந்து கடலில் கால் நனைக்கும்வரை வாய் திறக்கக் கூடாது. சத்தம் வந்தால் வினை பிள்ளையின் தலையில் விடியும். பட்டினி கிடப்பது ஊர் வழக்கம். பேசக் கூடாது என்பது நானாகச் சேர்த்தது.

"கல்லுல இடறுனாக்கூட அம்மான்னு சொல்லிரக் கூடாது, மாப்பிள்ளை" என்றேன்.

"சொல்ல மாட்டேன் மச்சான். எம்புள்ள பொழைச்சாப் போதும்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டான்.

ஒரு சம்பான் படகை வாடகைக்குப் பிடித்து, துணைக்கு நானும் போனேன். பாதி மலையில் முழங்கால் வலி என்று உட்கார்ந்தேன். அவன் ஒரு கிளையை ஒடித்து, இலைகளை உருவி, ஊன்றுகோலாக என் கையில் கொடுத்தான். கீழே போய் இளைப்பாறுங்கள் என்று சைகை காட்டிவிட்டு மேலே போனான். நான் இறங்கி வந்து, மாப்பிள்ளை விரதம் இருந்து தங்கப் போகிறார், அவருடைய ஆட்கள் வந்து அழைத்துக்கொள்வார்கள் என்று சம்பான்காரனிடம் சொல்லிச் சம்பானை எடுக்கச் சொன்னேன். அவன் உங்களிடம் சொன்னது அத்தனையும் உண்மை. தண்ணீர்க் குடம் சம்பானிலேயே இருந்தது. எங்கள் இருவருக்கும் தாராளமாகப் போதுமாக இருந்தது.

சம்பான்காரன் முன்பக்கம் பார்த்துத் துடுப்புப் போட்டான். நான் அவனைப் பார்த்து உட்கார்ந்திருந்ததால் மலை எனக்கு நன்றாகத் தெரிந்தது. பரமசிவம் பாறை மேல் ஓடி வந்து நின்றான். நாங்கள் இன்னும் அதிக தூரம் போயிருக்கவில்லை. காற்றும் அவன் பக்கமிருந்துதான் அடித்தது. ஒரு குரல் கொடுத்திருந்தால் சம்பான் திரும்பியிருக்கும். அவன் ஒரு கையால் துண்டை வீசினான். மற்றக் கையால் தன் வாயைப் பொத்திக்கொண்டிருந்தான்.

பிறகு கடலில் கால் நனைத்துவிட்டுக் கத்தித்தான் இருப்பான். கேட்க யாரும் இல்லை. வீட்டில், அவன் சில நாள் அங்கே விரதம் இருந்துவிட்டு வருவான் என்றேன். சிவகாமி நம்பினாள். அந்த நாட்களில் மழையும் பெய்யவில்லை. அது என் ஏற்பாடு அல்ல. காற்று கொஞ்சம் அடங்கியதும் மீன்பிடிக்கப் போனவர்கள், கரையோரத்தில் பிணமாகக் கிடந்தவனைக் கொண்டுவந்தார்கள்.

எழுதிக்கொள்ளுங்கள், ஐயா. தண்ணீர் இல்லாத தீவில் கிடந்து சாகட்டும் என்றுதான் அவனை விட்டுவந்தேன். யோசித்துச் செய்தேன். அவர்கள் பினாங்குக்குப் போகவில்லை.

நேற்று உங்கள் ஆட்கள் என்னைக் கூட்டி வரும்போது தங்கம் வாசலில் நின்று முறுக்குத் தின்றுகொண்டிருந்தது. காய்ச்சல் போன இடம் தெரியவில்லை. சிவகாமி என்னைக் கண்டதும் பிள்ளையை வாரி எடுத்துக்கொண்டு போய்க் கதவைச் சாத்திவிட்டாள். அந்த நேர்த்தியைச் சொல்லிக் கொடுத்துப் பிள்ளையைக் காப்பாற்றியவன் நான். அதற்கு ஒரு வார்த்தை நன்றி சொல்ல அந்த வீட்டில் யாருக்கும் தோன்றவில்லை.