‘ல பெர்சியேன்’ வரலாறும் விடுபட்ட ஒரு பெயரும்

அவைத்தலைவர் கனகசபை ஐயா அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் நித்தியானந்தனின் துணைவியார் சுசீலாதேவி அக்கா அவர்களே, இந்த டென்மார்க் மழைக்குள்ளும் கோல்டிங்கிலிருந்தும் ஹ்விடோவ்ரேயிலிருந்தும் நித்தியின் நினைவுக் கூட்டத்துக்காகச் சில்க்போர்க் வந்து சேர்ந்த அன்பர்களே! நான் யோசேப். ‘நங்கூரம்’ சஞ்சிகையை இருபத்தாறு ஆண்டுகளாக நித்தியானந்தனோடு சண்டைபிடித்துச் சண்டைபிடித்தே நடத்தியவன்.

கலைவரலாற்றாளர் நித்தியானந்தன்! பகலெல்லாம் தொழிற்சாலையில் கதவுகளுக்குப் பிணைச்சல் பூட்டிய மனிதர். ஒரு சனிக்கிழமை, பழைய சாமான் விற்கும் லொப்பமார்க்கெட்டிலிருந்து ‘ல பெர்சியேன்’ என்ற பிரெஞ்சுக் கலைச் சஞ்சிகையின் நாற்பத்துமூன்று இதழ்களையும் ஒரு வாழைப்பழப் பெட்டிக்குள் போட்டுத் தூக்கி வந்தார். லியோன் நகரத்தில் இரண்டு நண்பர்கள் தொடங்கி, போர்க்காலத்தில் நின்று, மீண்டும் எழுந்து, ஒருவர் இறந்ததும் நின்றேபோன சஞ்சிகை அது. அதன் வரலாற்றைத் தமிழில் எழுதப்போகிறேன் என்றார். யார் கேட்டார்கள்? எங்களில் எவருக்கு அது தேவைப்பட்டது? நான் சிரித்தேன். அவர் பதினொரு வருடம் எழுதினார்!

அந்தச் சஞ்சிகையின் ஒரு வழக்கத்தில்தான் அவர் மயங்கிப்போனார். ஒவ்வொரு இதழின் முதற்பக்கத்திலும் முந்தைய இதழின் பிழைகளைப் பெரிய எழுத்தில் போடுவார்களாம். ஒருமுறை ஓர் ஓவியத்தைத் தலைகீழாக அச்சடித்துவிட்டு, ‘ஓவியர் மன்னித்துவிட்டார், அவருடைய தாயார் இன்னும் மன்னிக்கவில்லை’ என்று எழுதினார்களாம். இதைச் சொல்லிச் சொல்லியே நித்தி கண்ணில் நீர்வரச் சிரிப்பார்.

என் பிழைக்கு வருகிறேன். நித்திக்குப் பிரெஞ்சு தெரியாது! பாரிசில் ஒன்பது வருடம் இருந்த சுசீலாதேவி அக்காதான், முதியோர் இல்லத்து வேலை முடிந்து வந்து, வரிவரியாக வாசித்துத் தமிழில் சொன்னார். அந்த வரலாறு ‘நங்கூரம்’ சிறப்பிதழாக வந்தபோது, ‘மொழிபெயர்ப்பு: சுசீலாதேவி’ என்ற வரியை வெட்டியவன் நான். எதற்காக? ஒரு சேலைக்கடை விளம்பரத்துக்கு இடம் போதவில்லை!

“விடுங்கோ அண்ணை, பேரிலை என்ன கிடக்கு,” என்றார் அக்கா. நித்தி விடவில்லை. “தலைகீழாப் போட்ட படத்துக்கே அவன் முதற்பக்கம் குடுத்தவன். நீர் என்ரை மனுசிக்குக் குடுக்கமாட்டீரோ?” என்று பாய்ந்தார். அடுத்த இதழ், அடுத்த இதழ் என்று இழுத்தடித்தேன். கடைசியில் ஆஸ்பத்திரியில் என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்:

“யோசேப், போட்டிட்டீரோ?”

“ஓம், போட்டிட்டன்.”

பொய்! சாகக் கிடந்த நண்பனிடம் பொய் சொன்னேன். அருகே நின்ற அக்காவுக்கு அது தெரியும், தெரிந்தும் நித்தியின் போர்வையைச் சரிசெய்துவிட்டார். நித்தி நிம்மதியாகக் கண்ணை மூடிக்கொண்டார். அந்த நிம்மதிதான் என்னைத் தின்கிறது.

அன்பர்களே, லியோன் நண்பர்களில் ஒருவர் போனதும் மற்றவர் பேனாவை மூடிவிட்டார். நான் மூடமாட்டேன்! ‘நங்கூரம்’ வரும். இனி அதன் முதற்பக்கம் எங்கள் பிழைகளுக்கே. இன்று காலை அச்சகத்திலிருந்து வந்த தாள் இது. வாசிக்கிறேன்:

‘பிரெஞ்சுச் சஞ்சிகைச் சிறப்பிதழுக்கு வேண்டிய பிரெஞ்சுப் பகுதிகள் அனைத்தையும் மொழிபெயர்த்தவர் சுசீலாதேவி. அவர் பெயரை வெட்டியவன் யோசேப். அவரிடம் மன்னிப்புக் கேட்கிறேன். அவருடைய கணவரிடம் கேட்கத் தவறிவிட்டேன்.’

நித்தி, போட்டிட்டன் ஐசே.