வளைகிற ஓப்பனர் லாரி ஏறக் கூடாது

தலைமை தாங்கி, தோளில் மாலை தாங்கி, இன்னும் கொஞ்ச நேரத்தில் என் பேச்சையும் தாங்கப் போகிற நிவாரணக் குழுத் தலைவர் அவர்களே! அவர் காதருகே குனிந்து, "இந்தம்மா என்ன பேசுமோ?" என்று கவலைப்படுகிற செயலாளர் அவர்களே! பெட்டி கட்டிக் கட்டி விரல் கன்றிப்போன பிள்ளைகளே! நாற்காலி கிடைக்காமல் சுவரோரம் நிற்கும் பெரியவர்களே! அடுப்பை அணைத்தோமா இல்லையா என்ற நினைப்போடு வந்து உட்கார்ந்திருக்கும் தாய்மார்களே! இந்தக் கூட்டத்தில் எந்த நாற்காலியிலும் இல்லாத என் மருமகளே! எல்லோருக்கும் வணக்கம்.

என்னை இரண்டு வார்த்தை பேசக் கூப்பிட்டார்கள். போன வருஷம் ஆறு நம் ஊருக்குள் புகுந்தபோது இந்தக் குழு தந்த பெட்டியை வாங்கியவள் நான். இந்த வருஷம் ஆறு அக்கரை ஊருக்குள் புகுந்திருக்கிறது. அங்கே போகிற லாரி வாசலில் நிற்கிறது; விடிந்தால் கிளம்பும். "நீங்க மேடையேறி நல்லதா சொன்னா, ஜனங்க இன்னும் நாலு பெட்டி சேர்த்துக் குடுப்பாங்கம்மா" என்றார் செயலாளர். நல்ல மனசுதான். ஆனால் ஆள் மாறிக் கூப்பிட்டுவிட்டார். நான் எழுத்துக் கூட்டிப் படிக்கிறவள். கோபத்தைக் கூட்டிக் குறைத்துப் பேச எனக்குத் தெரியாது.

தாய்மார்களே! போன வருஷம் பள்ளிக்கூடத்து மாடியில், ஒரே வகுப்பறையில் எத்தனையோ குடும்பம் அடைந்து கிடந்தோம். கீழே கழுத்தளவு தண்ணீர். படகில் பெட்டி வந்தது. கை தட்டினோம், கும்பிட்டோம், அழுதோம். பெட்டிக்குள் மீன் இருந்தது, டின்னுக்குள். பயறு இருந்தது, டின்னுக்குள். பழம் இருந்தது, அதுவும் டின்னுக்குள். அத்தனையும் இரும்புக்குள் இருந்தால் பசித்த பிள்ளை எதைத் தின்னும்? டின்மேல் ஒட்டிய படத்தையா?

திறக்க ஒன்றும் வைக்கவில்லை என்று சொல்ல மாட்டேன். பொய் பேச நான் மேடை ஏறவில்லை. வைத்திருந்தீர்கள் ஐயா! டின் ஓப்பனர் என்று ஒன்றை வைத்திருந்தீர்கள். தகரத்தில் செய்த கைப்பிடி, பொத்தான் அளவு ஒரு சக்கரம். என் மருமகள் அதைக் கையில் எடுத்ததுமே சிரித்தாள். "அத்தை, இது டின்னைத் திறக்கவா, இல்ல காது குடையவா?" என்றாள். அவள் தையல் கடையில் வேலை பார்த்தவள். கத்தரிக்கோலைத் தூக்கிப் பார்த்தே எவ்வளவு நாள் உழைக்கும் என்று சொல்லிவிடுவாள்.

முதல் டின் பாதி திறந்தது. சக்கரம் நழுவியது. அழுத்தித் திருகினாள். கைப்பிடி வளைந்தது. அடுத்த பெட்டியில் இருந்ததை எடுத்தோம், அதுவும் வளைந்தது. அதற்கடுத்ததில் சக்கரமே திருகோடு கழன்று கையில் வந்துவிட்டது. அந்த அறையில் ஒரு தச்சர் இருந்தார். அவருடைய உளி வெள்ளத்தோடு போயிருந்தது. ஒருவர் டின்னைச் சுவரில் மோதினார். ஒருவர் ஜன்னல் கம்பியில் குத்தினார். டின் நசுங்கியதே தவிரத் திறக்கவில்லை. பிள்ளைகள் சுற்றி உட்கார்ந்து டின்னையே பார்த்துக்கொண்டிருந்தன.

என்னய்யா, பின்னால் சிரிப்பு? சிரியுங்கள். நாங்களும் அன்றைக்குச் சிரித்தோம். கத்தி வழுக்கும்வரை சிரித்தோம்.

யாரோ ஒரு காய்கறிக் கத்தி கொடுத்தார்கள். "குடு, நான் குத்துறேன்" என்று கையை நீட்டினேன். "நீங்க வாய மூடிக்கிட்டு உக்காருங்க அத்தை. பத்து வருஷமா என்னைக் குத்துனது போதும்" என்றாள். அறையே சிரித்தது. எனக்கும் சிரிப்பு வந்தது. அந்தச் சிரிப்பு அடங்கும் முன் கத்தி வழுக்கியது. பாதி திறந்து நின்ற தகர விளிம்பு, கட்டைவிரலுக்குக் கீழே உள்ளங்கையைக் கிழித்தது. துணியைச் சுற்றிக்கொண்டு மீதி டின்னையும் அவளே திறந்தாள். பிள்ளைகளுக்கு ஊட்டினாள். பிறகு அந்தக் கையோடுதான் சாக்கடை கலந்த வெள்ளத்தில் இறங்கி, படகில் வந்த குடிதண்ணீர்க் குடங்களை மாடிக்குத் தூக்கினாள். கை வீங்கியது. காய்ச்சல் கண்டது. டாக்டர் படகு வந்தபோது, ரத்தத்தில் விஷம் ஏறிவிட்டது என்றார்கள். ஆஸ்பத்திரிக் கட்டிலில், "அத்தை, கை கொதிக்குது" என்றாள். அதற்குப் பிறகு என்னோடு அவள் பேசவில்லை.

யாரது? யார் அங்கே "விதிம்மா" என்றது? எழுந்து நின்று சொல்லுங்கள்! வெள்ளம் விதியாக இருக்கட்டும். மழை விதியாக இருக்கட்டும். தகரக் கைப்பிடியை எந்த விதி செய்தது? எந்த விதி அதைக் கடையில் எடுத்து, "இது போதும், ஏழை ஜனம்தானே" என்று பெட்டிக்குள் போட்டது? விதிக்கு விலை பேசத் தெரியுமா? மனிதன் செய்ததை மனிதன் மேல் வையுங்கள்!

செயலாளர் துண்டுச்சீட்டு நீட்டுகிறார். எழுத்துக் கூட்டிப் படிக்க எனக்கு நேரமாகும் ஐயா. பேசி முடித்துப் படிக்கிறேன்.

இந்த மேடையில் அழகுக்கு ஒரு பெட்டி வைத்திருக்கிறார்கள். நாளைக்குப் போகிற பெட்டிகளில் ஒன்று. நான் பேச வந்ததுமே அதைத்தான் பார்த்தேன். பிரிக்கிறேன். மீன் டின். பயறு டின். அடியில் என்ன? இதோ! அதே தகரம்! அதே பொத்தான் சக்கரம்! ஒரு உயிர் போனது உங்களுக்குப் பாடம் சொல்லவில்லையா? தலைவர் ஐயா, கோபித்துக்கொள்ளாமல் இப்படி வாருங்கள். நான் திருகினால் வேண்டுமென்றே வளைத்தேன் என்பார்கள். உங்கள் கையாலேயே திறங்கள். வெள்ளம் இல்லை, பசி இல்லை, தலைக்கு மேல் விசிறி ஓடுகிறது. நிதானமாகத் திறங்கள்.

பாருங்கள் தாய்மார்களே, நன்றாகப் பாருங்கள். சக்கரம் நழுவுகிறது. இன்னொரு முறை அழுத்துகிறார். வளைந்துவிட்டது! "தெரியாம போச்சும்மா" என்கிறார். மைக்கில் கேட்கவில்லை, நான் சொல்கிறேன்: தெரியாமல் போய்விட்டதாம். வீட்டு அடுக்களைக்கு வாங்கும்போது தெரிகிறதே! அங்கே மட்டும் கனமானது, கெட்டியானது, பல வருஷம் வருவது என்று பொறுக்குகிறோமே! அடுத்தவன் பசிக்கு மட்டும் ஏன் வளைகிற தகரம்?

இப்போது இதைப் பாருங்கள். என் பையில் கொண்டுவந்தேன். இது எங்கள் வீட்டு ஓப்பனர். மருமகள் வாங்கியது. வெள்ளம் வடிந்ததும் அடுக்களைச் சேற்றுக்குள்ளிருந்து தோண்டி எடுத்தேன். துருவைத் தேய்த்து ஒரு சொட்டு எண்ணெய் விட்டேன். தலைவர் ஐயா, இதைப் பிடியுங்கள். விளிம்பில் கவ்வ விடுங்கள். திருகுங்கள். கேட்கிறதா? கரகரவென்று ஒரே சுற்று. மூடி வந்துவிட்டது. உங்கள் மாலையில் ஒரு இதழ்கூடக் கசங்கவில்லை.

செயலாளர் சொல்கிறார், கடையெல்லாம் அடைத்தாயிற்று, விடிவதற்குள் பெட்டிக்கு ஒன்று எங்கே வாங்குவது என்று. பெட்டிக்கு ஒன்று யார் கேட்டது? ஒரு அறையில் அத்தனை குடும்பம் இருக்கும். அறைக்கு ஒரு நல்ல ஓப்பனர் போதும். அது எங்கே இருக்கிறது? உங்கள் அடுக்களை இழுப்பறையில் இருக்கிறது தாயே! உங்கள் மாமியாரோடு சண்டை போட்டு நீங்கள் வாங்கிய கனமான ஓப்பனர் இருக்கிறதே, அதுதான் வேண்டும். வளைந்ததைக் கழித்துக் கட்டுகிற சாக்கில் கொண்டுவராதீர்கள். வாசலில் நானே டின் வைத்துத் திருகிப் பார்த்துத்தான் வாங்குவேன்.

முதலில் போவது இது. என் மகன் மூன்றாவது வரிசையிலிருந்து தலையை ஆட்டுகிறான். "அது வேணாம்மா, அவ ஞாபகமா இருக்கட்டும்" என்று காலையிலேயே சொன்னான். தம்பி, அவளை நினைக்க நமக்கு இரும்பு வேண்டாம்டா. அக்கரையில் இந்நேரம் யாரோ ஒருத்தி கத்தியைக் கையில் எடுத்திருப்பாள். அவளுக்கும் ஒரு புருஷன் இருப்பான். என்னைப் போல் வாயாடி மாமியார் ஒருத்தி பக்கத்தில் இருப்பாள்.

அதோ, நீலப் புடவைக்காரம்மா எழுந்துவிட்டார். அந்தப் பக்கம் இரண்டு பேர். நன்றி தாயே, நன்றி. உட்கார்ந்து கை தட்டுகிறவர்களுக்கு இன்றைக்கு நன்றி கிடையாது. தட்டுகிற கையால் இழுப்பறையைத் திறங்கள். டிரைவர் தம்பி, சாவியை இப்படிக் கொடு. அறைக்கு ஒன்று சேரும்வரை லாரி நகராது. மீறி நகர்த்தினால் என் மேல்தான் ஏற்ற வேண்டும். நான் வாசலுக்குப் போகிறேன். சீக்கிரம் வாருங்கள். வணக்கம்.